குளியலறைக் கைப்பிடிக்கு யார் காசு கொடுப்பது?

எண்பது வயதுக்காரர் ஒருவர் சொந்த வீட்டிலேயே பத்திரமாக இருக்கத் தேவைப்படுபவை பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்தான். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. வாரத்தில் சில நாள் குளிப்பாட்டிவிட ஓர் ஆள். மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, நேற்றைய டப்பா திறக்காமல் கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிற ஒருவர். இவை இல்லாமல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் செலவு பல மடங்கு. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்தும் கம்பி மாட்டப்படுவதில்லை. கம்பிக்குக் காசு போகிற பை ஒன்று. எலும்பு முறியாததால் காசு மிச்சமாகிற பை வேறொன்று.

அதனால் இந்த வீட்டு உதவிக்கான நிதி முறைகளை ஒப்பிடும்போது ‘அரசா, தனியாரா’ என்று தொடங்குவதில் எனக்கு ஆர்வமில்லை. இந்த இரண்டு பைகளும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்றுதான் பார்ப்பேன்.

முதலில் மானியம். அமெரிக்காவில் 1965இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டம் இந்த வகை. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் பணம் வட்டார முகமைகளுக்குப் போய், வீடு தேடிவரும் சாப்பாடாகவும் வண்டி வசதியாகவும் வீட்டுவேலை உதவியாகவும் மாறுகிறது. 60 வயது ஆனால் போதும், வருமானச் சான்று கேட்பதில்லை. வளைந்து கொடுப்பதில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கினால்தான் உண்டு. முதியோர் எண்ணிக்கை ஏறிய வேகத்துக்கு ஒதுக்கீடு ஏறவில்லை. பணம் தீர்ந்தால் காத்திருப்போர் பட்டியல். சேவை கிடைக்கவில்லை என்று யாரும் உரிமை கோர முடியாது.

ஏழைகளின் மருத்துவச் செலவை ஏற்கும் அதே நாட்டு அரசுத் திட்டமான மெடிக்எய்ட் இன்னும் விசித்திரம். தகுதியுள்ள ஏழை முதியவர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால் மாநிலம் செலவை ஏற்றே ஆகவேண்டும். வீட்டிலேயே உதவி வேண்டுமென்றால் பெரும்பாலும் வழக்கமான விதிகளிலிருந்து மாநிலம் விலகி நடத்த அனுமதித்து 1981இல் கொண்டுவரப்பட்ட விலக்குத் திட்டங்கள்தான் வழி. அவற்றில் இத்தனை பேருக்குத்தான் என்று மாநிலம் வரம்பு போடலாம். வீட்டை விட்டுப் போக உரிமை இருக்கிறது, வீட்டில் இருக்க வரிசையில் நிற்கவேண்டும்!

இதற்கு நேரெதிர் டென்மார்க். வரி வசூலிப்பதும் வீட்டு உதவியை நடத்துவதும் உள்ளாட்சியே. பழைய பாணி முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவதை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். சிகிச்சை முடிந்தும் வீடு திரும்ப ஏற்பாடில்லாமல் ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தால், அந்த நாட்களுக்கு உள்ளாட்சி பணம் கட்டவேண்டும். ஆகவே முந்திக்கொள்வதில் அதற்கே லாபம். 1998இல் 75 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பு வீட்டு வருகை வந்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால் புரியும் (வயது வரம்பு பிற்பாடு மாறியது). நோய் இருக்கிறதோ இல்லையோ, ஒருவர் வந்து உட்கார்ந்து பேசி, வீட்டையும் பார்த்துவிட்டுப் போவார். பை கிட்டத்தட்ட ஒன்றே. பலவீனமும் அதுதான்: உள்ளாட்சிக்குக் கை இறுகினால் உதவி நேரமும் சுருங்கும்.

காப்பீட்டு முறையில்தான் சுவாரஸ்யமான சண்டை இருக்கிறது. ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. முதலாளிகளின் பங்களிப்புச் சுமைக்கு ஈடாக, சாக்சனி தவிர எல்லா மாநிலங்களிலும் ஒரு பொது விடுமுறையையே ரத்து செய்தார்கள். பயனாளி பணியாளரை வரவழைக்கலாம், அல்லது குறைந்த தொகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டு குடும்பத்தாரைக் கவனிக்கச் சொல்லலாம், இரண்டையும் கலந்தும் எடுக்கலாம். கவனிக்கிற உறவினருக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் உண்டு. ஜப்பான் 2000 ஏப்ரலில் தொடங்கியபோது ரொக்கமே வேண்டாம் என்று முடிவு செய்தது. காசைக் கொடுத்தால் மருமகள்தான் மறுபடியும் மாட்டிக்கொள்வாள் என்பது அங்கே வலுவாக எழுந்த வாதம். ஜெர்மனியில் வீட்டில் இருக்கும் பயனாளிகளில் பெரும்பாலோர் ரொக்கத்தையே எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. ஆனால் ஜப்பானில் உரிமை கையில் இருந்தும் வீட்டுக்கு வர ஆள் கிடைப்பது பெரும்பாடு. கவனிக்கிற மகளுக்கோ இந்தக் காப்பீட்டிலிருந்து ஒரு காசும் இல்லை.

யாருக்கு உதவி என்பதை அளக்கும் அளவுகோலும் பணத்தைப் போலவே முக்கியம். ஜெர்மனியில் 2017 வரை நிமிடக் கணக்கு. குளிக்க, உடுத்த, உண்ண, வீட்டுவேலைக்கு என்று சராசரியாக நாளுக்கு 90 நிமிட உதவி தேவைப்பட்டால்தான் முதல் நிலை. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து தெருவில் இறங்கிவிடுவார். இப்படிப்பட்ட மறதி நோயாளி அந்தக் கணக்கில் சரியாக விழவில்லை. ஐந்து தரநிலைகள் வந்த பிறகுதான் நிலைமை சீரானது. இன்னொரு ஓட்டை உண்டு: மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் செலவழிப்பது மருத்துவக் காப்பீடு, அதனால் மிச்சம் பிடிப்பது பராமரிப்புக் காப்பீடு. மறுபடியும் இரண்டு பை.

ஜப்பானில் காப்பீட்டை நடத்துவது உள்ளாட்சி. பாதி வரிப்பணம், பாதி சந்தா. 40 வயதிலிருந்து எல்லோரும் கட்டவேண்டும். பயனாளி கட்டுவது 10 சதவீதம், வருமானம் கூடினால் 20 அல்லது 30. எனக்குப் பிடித்த பகுதி வீட்டு மாற்றத்துக்கான தொகை: கைப்பிடி பொருத்த, நிலைப்படியைச் சமன் செய்ய, கதவைப் பக்கவாட்டில் நகரும் கதவாக்க 2 லட்சம் யென் வரையிலான செலவைக் காப்பீடு ஏற்கும், பயனாளி தன் பங்கை மட்டும் கட்டினால் போதும். 65 வயதுக்கு மேற்பட்டோரின் சராசரி மாதச் சந்தா 2000இல் 2,911 யென்னாக இருந்தது, 2024–26க்கு 6,225. விலை சும்மா இல்லை.

பைகளை முழுசாகவே ஒன்றாக்கிய சோதனை சான்பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் 1970களில் தொடங்கிய ‘ஆன் லோக்’. அதன் வழியில் வந்த ‘பேஸ்’ திட்டம் 1997இல் நிரந்தரமானது. இல்லத்தில் சேர்க்கும் அளவுக்குத் தளர்ந்த ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை. மருத்துவமனை, மருந்து, பகல் மையம், வண்டி எல்லாம் அதற்குள். கம்பி மாட்டாமல் அவர் விழுந்தால் நஷ்டம் திட்டத்துக்கே. தர்க்கப்படி இதுதான் சிறந்தது. ஆனால் பழகிய மருத்துவரை விட்டுவரவேண்டும், மையம் இருக்கும் பகுதியில் வசிக்கவேண்டும். அதனால் சிறிதாகவே இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஜப்பான்போல உள்ளாட்சி நடத்தும் காப்பீடு, கூடவே ஜெர்மனிபோல ரொக்க வாய்ப்பும் கவனிப்பவருக்கு ஓய்வூதியமும். மானியத்தையும் அடியோடு கைவிட மாட்டேன். தரநிலை கிடைக்கும் அளவுக்கு இன்னும் தளராத, ஆனால் இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறவர் எந்த மதிப்பீட்டிலும் சிக்கமாட்டார். அவர் வீட்டில் கம்பி மாட்ட, படிவம் கேட்காத ஒரு சிறு தொகை உள்ளாட்சியிடம் இருக்கவேண்டும். அதுவும் மூன்று ஆண்டுக்காவது சேர்த்து ஒதுக்கப்பட்டால்தான், மாட்டுகிற ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியும்.