ஒப்பிலக்கிய மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் புத்தகம்

எம்.ஏ. தமிழ் வகுப்பில் ஒப்பிலக்கியத் தாள், அதாவது வெவ்வேறு மொழி இலக்கியங்களை ஒப்பிட்டுப் படிக்கும் பாடம், நடத்துகிறேன். “இந்தத் துறைக்கு இனி எதிர்காலம் உண்டா, மேடம்?” என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு நான் கொடுப்பது சார்ல்ஸ் பெர்ன்ஹைமர் தொகுத்த ‘கம்பேரட்டிவ் லிட்ரேச்சர் இன் தி ஏஜ் ஆஃப் மல்டிகல்ச்சரலிசம்’ (பன்முகப் பண்பாட்டுக் காலத்தில் ஒப்பிலக்கியம்). 1995-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

துறை எந்த நிலையில் இருக்கிறது என்று அமெரிக்க ஒப்பிலக்கியச் சங்கம் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கை கேட்கும். ஹாரி லெவின் (1965), தாமஸ் கிரீன் (1975), பெர்ன்ஹைமர் (1993) தலைமையில் வந்த மூன்றும் இதில் இருக்கின்றன. 1980களில் எழுதிய அறிக்கை குழுத் தலைவருக்கே பிடிக்கவில்லை; சங்கத்திடம் கொடுக்காமலே விட்டுவிட்டார்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் சண்டை புரியும். மூலமொழி தெரியாதவர்களெல்லாம் மொழிபெயர்ப்பை வைத்து உலக இலக்கியம் நடத்துகிறார்களே என்று கிரீன் கவலைப்படுகிறார். பெர்ன்ஹைமர் குழுவோ, ஒதுக்கப்பட்ட குரல்களை அப்படியே விட்டுவிடுவதைவிட, மூலம் தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்பில் நடத்துவது மேல் என்கிறது. வகுப்பறைக்கு பெர்ன்ஹைமர் சொல்வது சரி. ஆய்வேடு என்று வந்துவிட்டால் நான் கிரீன் பக்கம்தான். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் பெயரில் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் பாரதி. அந்த இருவரையும் ஒப்பிட வருகிற மாணவர்களில் பலர் ஷெல்லியின் ஒரு கவிதையைக்கூட ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்திருக்கமாட்டார்கள். விடுதலை, இயற்கை, பெண்மை என்று தலைப்பு வாரியாக மேற்கோள்கள் மட்டும் கையில் இருக்கும். ஓசையைக் கேட்காமல் கவிதையில் எதை ஒப்பிடுவது?

அப்புறம், பெர்ன்ஹைமர் அறிக்கைக்கு வந்த எதிர்வினைகளும் இதே புத்தகத்தில் இருக்கின்றன. எல்லாமே ஒரே தரம் இல்லை. சிலது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உள்விவகாரம், தாண்டிப் போய்விடலாம். பீட்டர் புரூக்ஸ் கட்டுரையை விடாதீர்கள். இலக்கியத்தை இலக்கியமாகப் படிப்பதற்கு நாம் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நேராகவே கேட்கிறார். ரே சௌ எழுதியது நமக்கு இன்னும் நெருக்கம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி இருந்த இடத்தில் இந்தியா, சீனா, ஜப்பானை உட்கார வைப்பதால் மட்டும் பழைய ஐரோப்பியப் பார்வை போய்விடாது என்கிறார். தமிழைப் பாடத்திட்டத்தில் சேர்த்தாலே போதும் என்று நினைப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

ஹான் சாசி (2006), உர்சுலா ஹைசே (2017) தொகுத்த பிந்தைய அறிக்கைகளும் புத்தகமாக வந்திருக்கின்றன. ஆனாலும் இதிலிருந்தே தொடங்குங்கள். ஆங்கிலம் சில இடங்களில் கடினம்தான். இரண்டு பேராகச் சேர்ந்து படித்தால் சமாளித்துவிடலாம். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் கல்லூரி நூலகத்தில் எழுதிக் கொடுத்து வாங்க வையுங்கள்.