பின்கதவைத் திறந்து பாருங்கள்: மெர்சிடிஸ் எஸ்124-ஆ, வால்வோ 850-ஆ?

எஸ்டேட் கார் (கூரை பின்கதவு வரை நீண்டு, பின்னால் பெரிய சரக்கறை கொண்ட கார்) ஒன்றைப் பார்க்கப் போனால் நான் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டேன், பின்கதவைத்தான் திறப்பேன். கதவு எவ்வளவு உயரம் எழும்புகிறது? உள்ளே தளம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது? சக்கர வளைவுகள் எவ்வளவு இடத்தைத் தின்கின்றன? மழை பெய்தால் அந்தக் கதவுக்கு அடியில் நனையாமல் நின்று பெட்டிகளை அடுக்க முடியுமா? இதற்காகத்தானே செடானை விட்டுவிட்டுக் கூடுதல் காசு கொடுத்து எஸ்டேட் வாங்குகிறோம்.

இந்தக் கேள்விகளுக்கு ஐரோப்பியக் கார்கள் மிக நன்றாகப் பதில் சொன்ன காலம் 1990-கள். எஸ்யூவிகள் அப்போது குடும்பக் காரின் இடத்தைப் பிடித்திருக்கவில்லை. மெர்சிடிஸ் எம்-கிளாஸ் வந்தது 1997-இல், பிஎம்டபிள்யூ எக்ஸ்5 1999-இல், வால்வோ எக்ஸ்சி90 2002-இல். அதுவரை மூன்று பிள்ளைகள், ஒரு நாய், வருடத்துக்கு ஒரு நீண்ட விடுமுறைப் பயணம் என்று வாழ்ந்த வசதியான குடும்பத்துக்கு எஸ்டேட்தான் வண்டி. ஆடம்பரத்தின் உச்சிக்குப் போகாமல், அதற்கு ஒரு படி கீழே, நான்கு கார்கள் போட்டியிட்டன: மெர்சிடிஸ் இ-கிளாஸ் (எஸ்124), வால்வோ 850, பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் டூரிங் (இ34), ஆடி 100 அவான்ட். கடைசியாகச் சொன்னதற்கு 1994-இல் ஏ6 என்று பெயர் மாறியது. என்னைப் பொறுத்தவரை உண்மையான போட்டி முதல் இரண்டுக்குள்தான். ஏன் என்று சொல்கிறேன்.

மெர்சிடிஸ் தன் சொந்த ஆலையிலேயே தயாரித்த முதல் எஸ்டேட் 1977-இல் அறிமுகமான எஸ்123. அதன் வாரிசாக 1985-இல் வந்தது எஸ்124. ஜெர்மனியின் பிரேமன் ஆலையில் 1996 வரை சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் கார்கள் தயாராயின. இதன் செடான் வடிவத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1995 முதல் புனேயில் தயாரான, முன்னால் நிமிர்ந்த கிரில் கொண்ட அந்த இ-கிளாஸ்தான் அது. எஸ்டேட் வடிவம் மட்டும் இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை.

எஸ்124-இன் பெருமை வெளியே தெரியாது. ஐந்து பேர் ஏறி, பின்னால் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றினால் சாதாரண காரின் பின்பக்கம் தரையை நோக்கி அமுங்கும். முன்விளக்கு வானத்தைப் பார்க்கும், ஸ்டியரிங் லேசாகி மிதக்கும். எஸ்124-இல் அப்படி நடக்காது. பின்பக்கச் சுருள்வில்லுக்குத் துணையாக ஒரு ஹைட்ராலிக் அமைப்பு எல்லா எஸ்124-களிலும் உண்டு. எஞ்சினால் இயங்கும் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்திக் கொடுக்கிறது. எடை ஏறி வண்டி தாழ்ந்தால் ஒரு வால்வு திறந்து எண்ணெய் பின்பக்கத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகளுக்குள் போகிறது, வண்டி பழைய உயரத்துக்கு எழுகிறது. நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைகள் குலுக்கலை வாங்கிக்கொள்கின்றன. காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் ஓட்டுநருக்கு ஒரே வண்டிதான். சரக்கு ஏற்றுவதை இவ்வளவு மதித்துச் செய்த சொகுசுக் கார் வேறு எதையும் நான் கண்டதில்லை.

அப்புறம் பின்கதவு. ஓங்கிச் சாத்த வேண்டியதில்லை. மெதுவாகத் தாழ்த்தி வைத்தால் போதும், மிச்ச இடைவெளியை ஒரு சின்ன மின்மோட்டார் தானே இழுத்துப் பூட்டிக்கொள்ளும். உறங்கும் குழந்தை உள்ளே இருக்கும்போது அதன் அருமை புரியும். தளத்துக்குள் மடங்கிக் கிடக்கும் மூன்றாம் வரிசை இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தால், இரண்டு சிறுவர்கள் பின்னோக்கி உட்கார்ந்து, கடந்துபோகும் சாலையைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

ஓட்டுவதில் அவசரமே கிடையாது. ஸ்டியரிங் துல்லியமில்லை, ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் கை அசராது. முன்சக்கரங்கள் நன்றாக மடங்குவதால் இவ்வளவு நீள வண்டி குறுகலான தெருவிலும் லாவகமாகத் திரும்பிவிடும். 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 220 குதிரைத்திறன் தரும். எனக்குப் பிடித்தது 1993-இல் வந்த இ300 டீசல். வெறும் 136 குதிரைத்திறன்தான், ஆனாலும் ஆறு சிலிண்டர் டீசலின் அந்தச் சீரான உறுமல் வேறு எதிலும் வராது.

இனி வால்வோ. பெயரைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது இரவுப் பேருந்துதான். 1999-இல் கார் பிரிவை ஃபோர்டு வாங்கும்வரை காரும் பேருந்தும் ஒரே குழுமத்திடம் இருந்தன. 850 செடான் 1991-இல் வந்தது, எஸ்டேட் 1993-இல். தன் பெரிய வண்டிகளைப் பின்சக்கரங்களால் ஓடும்படியே பல ஆண்டுகளாகச் செய்துவந்த நிறுவனம், ஐந்து சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியது அவர்களுக்கே பெரிய துணிச்சல்.

850-இல் நான் முதலில் மதிப்பது பக்கவாட்டு மோதலுக்கான பாதுகாப்பை. முன்னால் மோதினால் நசுங்குவதற்கு ஒரு மீட்டர் அளவுக்கு இரும்பு இருக்கிறது. பக்கத்தில் மோதினால் கதவின் கனம் மட்டும்தான். அதனால் வால்வோ பொறியாளர்கள் இருக்கைக்கு அடியில் குறுக்குக் குழாய்களும் நடுவில் ஒரு பெட்டி அமைப்பும் வைத்து, மோதலின் விசை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தளம் வழியாகவே பரவும்படி செய்தார்கள். 1994-இல் அதன் மேல் பக்கவாட்டுக் காற்றுப்பையும் வந்தது. அது உலகிலேயே முதல் முறை. முன்னிருக்கையின் முதுகுக்குள்ளேயே பை இருந்ததால், இருக்கையை எவ்வளவு நகர்த்தினாலும் அது உட்கார்ந்திருப்பவரின் பக்கத்திலேயே இருந்தது. இருபது முப்பது லட்சத்துக் கார் வாங்கும் நாம் இன்று எத்தனை ஏர்பேக் என்று எண்ணிப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இந்த வண்டியின் பங்கும் உண்டு.

சரக்கறை எப்படி? பின்கதவு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது, விளக்குகள் தூணோடு தூணாக மேல்வரை போகின்றன. கூரை பின்னால் சரியாததால், முன்னால் எவ்வளவு உயரப் பெட்டி நிற்குமோ அதே உயரப் பெட்டி கதவோரத்திலும் நிற்கும். அழகுக்காக இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அதனாலேயே எனக்கு அது அழகாகத் தெரிகிறது. ஆனால் எடையை ஏற்றிய பிறகு மெர்சிடிஸின் அந்த நிதானம் இதில் இல்லை. உயரத்தைத் தானே சரிசெய்யும் பின் ஷாக் அப்சார்பர்களுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியிருந்தது.

850-க்கு இன்னொரு முகமும் உண்டு. 1994-இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ இறக்கியது செடானை அல்ல, இந்த எஸ்டேட்டைத்தான். ரிக்கார்டு ரைடெல், யான் லாமர்ஸ் இருவரும் ஓட்டினார்கள். ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை, அடுத்த ஆண்டே செடானுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் பால்காரர் வண்டி மாதிரி இருந்த ஒன்று பந்தயக் களத்தில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைந்ததைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. பிறகு வந்த 850-இன் வேக வடிவமான டி-5ஆர் 240 குதிரைத்திறன் கொண்டது. அந்த வெளிர் மஞ்சள் வண்டிகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். முடுக்கும்போது முன்சக்கரங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிஎம்டபிள்யூ டூரிங்கை ஓட்டுவதற்காக வாங்கலாம். நான்கில் வளைவுகளை உண்மையாகவே ரசிப்பது அது ஒன்றுதான். பின்கண்ணாடியை மட்டும் தனியாகத் திறந்து ஒரு பையைப் போட்டு மூடும் வசதி மிகப் பயனுள்ளது, மற்ற மூவரிடமும் அது இல்லை. 340 குதிரைத்திறன் எம்5 டூரிங் மொத்தம் 891 வண்டிகளே தயாராயின. ஆனால் சாய்ந்த பின்புறமும் குறுகிய சரக்கறையும் என் முதல் கேள்வியிலேயே இதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. ஆடியின் கதையும் அதேதான், பின்புறம் இன்னும் கொஞ்சம் சாய்வு. துத்தநாகம் பூசிய உடலும் குவாட்ரோ நான்கு சக்கர இயக்கமும் பனி விழும் ஊர்களில் பெரிய பலம். அதன் 2.5 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பின்னாளில் வால்வோவே வாங்கி 850-இல் பொருத்தியது.

சரி, இன்று வாங்குவதானால்? இவற்றில் பல வண்டிகள் முப்பது வயதைக் கடந்துவிட்டன. அசல் நிலையில் நன்றாகப் பராமரித்த வண்டிக்கு ஜெர்மனியில் முப்பது வருடத்துக்குப் பிறகு பழங்காருக்கான ‘எச்’ எண்பலகை வாங்கலாம். பழைய டீசலை அனுமதிக்காத நகர மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குள்ளும் அதோடு நுழைய முடியும். இ300 டீசலை விரும்புகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

எஸ்124-இல் பயப்பட வேண்டியது துருவும் வயரிங்கும்தான். 1990-களின் முதல் பாதியில் வந்த பெட்ரோல் எஞ்சின்களில் வயர்களின் மேலுறை பிஸ்கட்டைப் போல உதிரும். மாற்றியிருக்கிறார்களா என்று ரசீதோடு கேளுங்கள். ஆறு சிலிண்டர் பெட்ரோலில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) வழியே எண்ணெய் கசியும். பின்பக்கம் குதித்துக் குதித்துப் போனால் அந்த நைட்ரஜன் உருண்டைகள் செத்துவிட்டன என்று அர்த்தம். அதற்குப் பயந்து ஓட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஜாக்கி வைக்கும் இடங்களில் துரு துளை போட்டிருந்தால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள்.

850 துருவை நன்றாகத் தாங்கும். அதன் தொல்லைகள் வேறு. வால்வுகளை எஞ்சினோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் போய்விடும், ஆகவே கடைசியாக எப்போது மாற்றியது என்பதே முதல் கேள்வி. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்கள் அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி, பின்பக்க ஆயில் சீல் வழியே எண்ணெய் வழியும். எஞ்சின் ஓடும்போது, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை லேசாக உருவுங்கள். அங்கே புகை வந்தால் அந்தக் குழாய்களைச் சந்தேகிக்கலாம். ஓடோமீட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைவதும் சகஜம் என்பதால் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம்.

வாரா வாரம் கனமான பொருள் ஏற்றுகிறவர், டிரெய்லர் இழுக்கிறவர், வருடத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால் யோசிக்காமல் எஸ்124, அதிலும் இ300 டீசல். அவரது வேலைக்கு வால்வோ ஈடாகாது. ஆனால் வீட்டில் ஒரே கார், அதில் பிள்ளைகள் தினமும் பள்ளிக்குப் போக வேண்டும், வண்டி தெருவில் மழையிலும் பனியிலும் நிற்க வேண்டும் என்றால் என் பணம் 850-க்குத்தான் போகும். டர்போ இல்லாத 20 வால்வு எஞ்சின், 170 குதிரைத்திறன், 1995-ஆம் ஆண்டு மாடலோ அதற்குப் பிந்தியதோ, பக்கவாட்டுக் காற்றுப்பையோடு, பெல்ட் மாற்றிய ரசீதோடு.