கவுன்சில் முடிவை எதிர்த்து கோர்ட்டுக்கு: கிளாஸ் 1-ஆ, கிளாஸ் 4-ஆ?

சிட்னியில் டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கம் பழைய வீட்டை இடித்து டூப்ளெக்ஸ் கட்ட டி.ஏ. (கட்டட அனுமதிக்கான விண்ணப்பம்) போடுகிறவர்களில் நம் ஆட்களும் நிறைய. கவுன்சில் முடிவு பிடிக்காதபோது, விண்ணப்பித்தவர், பக்கத்து வீட்டுக்காரர் இருவருமே "கோர்ட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். கோர்ட் ஒன்றுதான்: 1980 முதல் இயங்கும் நியூ சவுத் வேல்ஸ் நில, சுற்றுச்சூழல் நீதிமன்றம். ஆனால் இருவருக்கும் சட்டம் திறந்துவைத்திருக்கும் வழி ஒன்றல்ல. இது தெரியாமல் பணத்தை இறைப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கோர்ட் வழக்குகளைக் கிளாஸ் என்று வகை பிரித்து எண் கொடுக்கிறது. விண்ணப்பித்தவருக்கு உள்ளது கிளாஸ் 1. கவுன்சில் மறுத்தாலோ, ஏற்கமுடியாத நிபந்தனை போட்டாலோ 6 மாதத்துக்குள் போகலாம். சாதாரண டி.ஏ.-வுக்கு 40 நாளில் பதில் வரவில்லை என்றால் மறுத்ததாகவே கொண்டு வழக்குப் போடலாம். கவுன்சில் தப்பு செய்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. கவுன்சிலின் இடத்தில் கோர்ட்டின் கமிஷனர் (இத்தகைய வழக்கைத் தீர்மானிக்கும் நிபுணர்) உட்கார்ந்து விண்ணப்பத்தைப் புதிதாகப் பார்ப்பார்.

அதற்கு முன் ஒரு மலிவான வழி உண்டு: கவுன்சிலையே மறுஆய்வு செய்யக் கேட்பது. முதலில் முடிவெடுத்த அதிகாரி இதைப் பார்க்க மாட்டார். குறை சின்னது, பிளானைக் கொஞ்சம் மாற்றினால் சரியாகிவிடும் என்றால் இதுவே போதும். ஒன்று மட்டும் கவனம்: மறுஆய்வு கேட்டதால் அந்த 6 மாதக் கணக்கு நிற்காது.

சரி, பக்கத்து வீட்டுக்காரருக்கு? பெரிய கல்குவாரி மாதிரியான, சட்டம் தனியாக வகைப்படுத்திய திட்டமாக இருந்து, அவர் முன்பே எழுத்தில் ஆட்சேபித்திருந்தால் 28 நாளுக்குள் கிளாஸ் 1 கிடைக்கும். டூப்ளெக்ஸுக்குக் கிடைக்காது. மிச்சம் இருப்பது கிளாஸ் 4. இதை யார் வேண்டுமானாலும் போடலாம்; தனக்கு நஷ்டம் என்று காட்டத் தேவையில்லை. அனுமதியை முறைப்படி பொது அறிவிப்பாக வெளியிட்டிருந்தால் 3 மாதம்தான் கெடு.

ஆனால் இங்கே கேள்வியே வேறு. "என் முற்றத்தில் வெயில் விழாது" என்பது கிளாஸ் 4-இல் எடுபடாது. "நிழல் பற்றிக் கட்டாயம் பார்க்க வேண்டியதைக் கவுன்சில் பார்க்கவே இல்லை" என்பது எடுபடும். முடிவு நல்லதா என்று நீதிபதி பார்ப்பதில்லை, சட்டப்படி எடுத்ததா என்றே பார்க்கிறார். ஜெயித்தாலும் கவுன்சில் முறையைச் சரிசெய்து அதே அனுமதியைத் திரும்பக் கொடுக்கலாம். அனுமதியை ரத்து செய்யாமல், நிறுத்திவைத்துக் குறையைத் திருத்தச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

செலவில்தான் பெரிய வித்தியாசம். கிளாஸ் 1-இல் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு. கிளாஸ் 4-இல் தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவையும் கட்டவேண்டி வரும். பொதுநல வழக்கில் இதற்கு விலக்குக் கிடைக்கலாம். எவன்ஸ் ஹெட்டில் மனைப்பிரிவுக்கு ரிச்மண்ட் ரிவர் கவுன்சில் தந்த அனுமதியை எதிர்த்து வழக்குப் போட்ட ஓஷ்லக் என்பவர் தோற்றார். ஆனாலும் செலவைக் கட்டவைக்கவில்லை நீதிபதி. அது சரிதான் என்று 1998-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 3-க்கு 2 என்று சொன்னது. அங்கே பிரச்சினை அருகிவரும் விலங்குகளின் வாழிடம். பக்கத்து வீட்டு மாடிக்கு அந்த ஆறுதலை நம்பி இறங்கவேண்டாம்.

என்னைக் கேட்டால், அக்கம்பக்கத்தாருக்கு கிளாஸ் 4 கடைசி வழி. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முன்பே, கவுன்சில் கருத்துக் கேட்கும் நாட்களில், ஒரு நல்ல பிளானரிடம் (நகரத் திட்டமிடல் நிபுணரிடம்) கொடுத்து ஆட்சேபக் கடிதம் எழுதவையுங்கள். எந்த விதி, எத்தனை மீட்டர் மீறல் என்று அதில் இருக்க வேண்டும். பின்னால் விண்ணப்பித்தவர் கிளாஸ் 1 போனால், கோர்ட் நடத்தும் சமரசக் கூட்டம் பெரும்பாலும் அந்த மனையிலேயே தொடங்கும். நீங்கள் வழக்கில் ஒரு தரப்பு அல்ல. பிளானை மாற்றிக் கவுன்சிலும் அவரும் ஒத்துப்போனால் உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் கமிஷனர் அங்கே அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்பது வழக்கம். அப்போது கவுன்சில் தரும் ஆவணக் கட்டோடு உங்கள் கடிதமும் அவர் கையில் இருக்கும்.