அம்பாசடரில் எலக்ட்ரானிக் ஸ்பீடோமீட்டர்: புதுச்சேரி உப்புக்காற்றில் கண்டது

பழைய வண்டியில் எலக்ட்ரானிக் ஸ்பீடோமீட்டர் போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம் என்பேன். ஆனால் மீட்டரைத் தேடுவதில் காட்டும் அக்கறையைவிடக் கூடுதலாக சென்சாரிலும் எர்த்திலும் காட்ட வேண்டும். எங்கள் மார்க் 3 அம்பாசடரில் இதைப் போட்டுச் சில மழைக்காலங்கள் போய்விட்டன. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலின் மழையையும் இது பார்த்துவிட்டது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே ஓயாமல் ஓடும் வண்டி இது.

பழைய மீட்டர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கியர்பாக்ஸின் பின்பக்கத்தில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் ஒன்று கேபிளைச் சுழற்றும். கேபிளின் மறுமுனையில் சுழலும் காந்தம், அலுமினியக் கிண்ணம் ஒன்றைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதை எதிர்த்துப் பிடிக்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். 1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற ஏற்பாடு, இன்றும் பார்க்க அழகுதான். தொல்லை கொடுப்பது கேபிள். உள்கம்பி காய்ந்தால் முள் ஆடத் தொடங்கும். பினியன் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் கேபிளைப் பிடித்துக்கொண்டே ஏறி மீட்டர் வரைக்கும் வந்துவிடும். சரியான நீளத்தில் நல்ல கேபிள் கிடைப்பதும் வரவர அரிதாகிவிட்டது.

கேபிள் திருகியிருந்த அதே இடத்தில் இப்போது ஹால் சென்சார் உட்கார்ந்திருக்கிறது; காந்தம் கடந்துபோவதை உணர்ந்து மின்துடிப்பு (பல்ஸ்) அனுப்பும் வகை இது. உள்ளே பினியன் அப்படியேதான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சென்சார்களின் மரை நம் கியர்பாக்ஸுக்குப் பொருந்தாது. முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் அடாப்டர் கடைந்து வாங்கினோம். உள்ளே போகும் சதுர முனை ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும், ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மறக்கக் கூடாது. அதன் பிறகு ஆயில் கசிவு ஒரு சொட்டுக்கூட இல்லை.

இரண்டு வயர் சென்சாரும் உண்டு. காந்தச் சுருள் வகை. மெதுவாகப் போகும்போது அதன் சிக்னல் மிகவும் பலவீனமாகிவிடும். நேரு வீதி நெரிசலில் ஊர்ந்து போகிற நமக்கு அது சரிப்படாது. ஹால் சென்சாருக்கு மூன்று வயர்: இக்னிஷனுக்குப் பின் பியூஸ் வழியாக வரும் 12 வோல்ட், எர்த், சிக்னல். பல சென்சார்களில் சிக்னல் வயர் தானாக வோல்டேஜ் தராது, எர்த்தோடு சேர்ந்து சேர்ந்து விலக மட்டும் செய்யும். விலகும்போது சிக்னல் வயரில் வோல்டேஜ் ஏற வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் மீட்டருக்குள் இல்லையென்றால் நாம்தான் வெளியே போட வேண்டும். "சென்சார் செத்துப்போச்சு" என்று தூக்கி எறிவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்பதையும் வயரைத் தொடுவதற்கு முன்பே பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் சிலது பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும். மாற்றிக் கொடுத்தால் மீட்டர் அந்த நிமிடமே போய்விடும்.

ஆரம்பத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எண் தாறுமாறாகக் குதித்தது. அது இக்னிஷன் காயிலும் பிளக் வயர்களும் கிளப்பும் மின் இரைச்சல். எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்ததுமே, "சார், பாடில எர்த் எடுக்க வேணாம், பேட்டரிலேர்ந்தே தனியா ஒண்ணு இழுத்துடலாம்" என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். சிக்னலுக்கு மேலே உலோக உறை சுற்றிய ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை மீட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்து, காயிலுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுவந்தோம். பிளக் வயர்களையும் ரெசிஸ்டன்ஸ் வகைக்கு மாற்றினோம். அதோடு குதிப்பது நின்றது.

அளவு சரிசெய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. மீட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்று சொல்ல வேண்டும். சிலர் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பல்ஸை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். மறுசக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் காரணமாக ஷாஃப்ட் பாதிதான் சுற்றும், கணக்கும் பாதியாகிவிடும். இரண்டு சுற்றுச் சுற்றி எண்ண வேண்டும். அதைவிட ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதே மேல். அதிகாலையில் கடலூர் ரோட்டில் சீராக 60-ல் போனால் ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்ததற்கும் சரியாக ஒரு நிமிடம். கூட வருபவர் கடிகாரம் பார்க்கட்டும். ரோடு அகலப்படுத்திய இடங்களில் கல் இடம் மாறியிருக்கலாம், அதனால் ஒரே கல்லை நம்பாமல் போனில் ஜிபிஎஸ்ஸையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டயர் அளவு மாறினால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. எனவே பல்ஸ் எண்ணை நாமே மாற்றக்கூடிய மீட்டராக வாங்குங்கள்.

இந்த ஊரில் உண்மையான சோதனை கடற்காற்றுதான். வண்டிக்கு அடியில் இருக்கும் கனெக்டரில் பச்சையாகக் களிம்பு ஏறும். முதல் மழைக்காலம் முடிந்ததும் வேகம் விட்டுவிட்டுக் காட்டியதற்கு அதுவே காரணம், சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை. இப்போது ரப்பர் சீல் உள்ள கனெக்டரும் உள்ளே சிலிக்கான் கிரீஸும் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் திறந்து பார்த்துத் துடைத்துவிட்டால் போதும். ஃபெஞ்சல் மழையில் தெருத் தண்ணீரில் வந்தபோதும் மீட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை.

டேஷ்போர்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். 50 வயதைக் கடந்து, அசல் நிலையில் பராமரிக்கப்படும் வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. எங்கள் வண்டியும் அந்த வயதுக்கு வந்துகொண்டிருக்கிறது. பழைய மீட்டரையும் கேபிளையும் எண்ணெய் தடவி எடுத்து வைத்திருக்கிறோம். கழற்றிய அன்று அதில் இருந்த கிலோமீட்டரைப் படம் எடுத்து ஆர்சி புத்தகத்தோடு சேர்த்து வைத்தாயிற்று.

ஒரே ஒரு மனக்குறை இரவில் அதன் வெளிச்சம். அம்பாசடரின் மங்கலான மஞ்சள் விளக்குகளுக்குப் பக்கத்தில் இந்த வெள்ளை எல்இடி கண்ணைக் கூசவைக்கிறது. வெளிச்ச வயரில் ஒரு டிம்மர் சேர்ப்பதுதான் அடுத்த வேலை.