ரெடிமேட் லிண்டல்: பாரத்துக்குச் சரி, மழைக்குப் போதாது

செங்கல் சுவரில் 4 அடி ஜன்னலுக்கு ரெடிமேட் கான்கிரீட் லிண்டல் (ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் உத்தரம்) வைத்தோம். சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை) அடிக்கும் வேலை இல்லை, கான்கிரீட் இறுகக் காத்திருக்கவும் வேண்டாம். அதற்கே பாதி மதிப்பெண். இரண்டு பக்கமும் 6 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும். 5 அடிக்குக் குறைந்து வாங்காதீர்கள். முக்கியமான கம்பி அடிப்பக்கம்தான் இருக்கும். தலைகீழாக வைத்தால் விரிசல் நிச்சயம். இதிலோ மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி பாதி அழிந்திருந்தது. கொத்தனார் கவனித்ததால் பிழைத்தோம்.

அப்புறம் மழை. அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி (நீளவாக்கில் சின்னப் பள்ளம்) இல்லை, அதனால் ஈரம் அடிப்பக்கமாகவே ஊர்ந்து ஃபிரேமைத் தொட்டது. லிண்டலுக்கும் ஃபிரேமுக்கும் இடையே உள்ள சந்தில் சிமெண்ட் அடைக்காதீர்கள், வெயிலில் விட்டுப்போகும். வெளிப்புறத்துக்கான சிலிகான் (ரப்பர் போல இறுகும் அடைப்புப் பசை) போடுங்கள். அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது, பரவாயில்லை.