பழைய ஆர்வி வாங்குறீங்களா? பேட்டரி லேபிளைப் பார்க்காம காசு குடுக்காதீங்க

கலிஃபோர்னியாவுல செகண்ட்ஹேண்ட் ஆர்வி டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற குட்டி வீடு, தேடிட்டு இருக்கவங்க இதைப் படிச்சுட்டு டீலர்கிட்ட போங்க. எங்ககிட்ட டீலர் "டிவி பேக்கேஜ்"னு தனியா ஒரு தொகை கறந்தான், 32 இன்ச் டிவி, 2000 வாட் இன்வெர்ட்டர், 100 ஆம்பியர்-ஹவர் டீப் சைக்கிள் (மணிக்கணக்கா நிதானமா கரண்ட் குடுக்குற) பேட்டரி, கரண்டே இல்லாத இடத்துல கூட விடிய விடிய படம் பார்க்கலாம்னு சத்தியம் பண்ணாத குறை.

யோசெமிட்டி தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்டுகள்ல ஹூக்கப், அதாவது வண்டியைச் சொருக கரண்ட் கனெக்‌ஷன், கிடையாது, ராத்திரி ஜெனரேட்டரும் போட விடமாட்டாங்க, பேட்டரிதான் கதி. படத்துல இடைவேளை கூட வரல, இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்திட்டு அணைஞ்சிடுச்சு. அதுவரைக்கும் ஸ்பீக்கர்ல ஒரே இரைச்சல் வேற.

கணக்கு பாருங்க, அந்த சைஸ் எல்இடி டிவி 40-50 வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டர் தின்னுறதையும் சேர்த்தா 12 வோல்ட்ல சுமார் 5 ஆம்ப். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாதுன்னு வெச்சாலும் பத்து மணி நேரம் ஓடணும்ல? காலையில பேட்டரி பாக்ஸைத் திறந்தா லேபிள்ல பெருசா சிசிஏன்னு (குளிர்லயும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண எவ்வளவு கரண்ட் தள்ளும்ங்கிற அளவு) ஒரு நம்பர், ஆம்பியர்-ஹவர்ங்கிற பேச்சே இல்ல. அது வண்டி ஸ்டார்ட் பண்ற பேட்டரிங்க! சில செகண்டுக்கு எக்கச்சக்கமா கரண்ட் தள்ளும், மணிக்கணக்கா குடுக்க அந்த மெல்லிசு பிளேட் தாங்காது. மேல ஒட்டியிருந்த "டீப் சைக்கிள்" ஸ்டிக்கர் ஓரம் பிஞ்சிருந்துச்சு, நகத்தால சுரண்டினா முழுசா கையோட வந்துடுச்சு. இன்வெர்ட்டரும் வீட்டு கரண்ட் மாதிரி சீரான அலை குடுக்குற ப்யூர் சைன் இல்ல, கரடுமுரடா குடுக்குற மாடிஃபைடு சைன், இரைச்சல் அதனாலதான்.

போன் பண்ணா "ஹீட்டர் போட்டிருப்பீங்க"ங்கிறான். ஹீட்டர் ஃபேன் 7, 8 ஆம்ப் இழுக்கும்தான், ஆனா ஜூலை மாசம் யாருய்யா ஹீட்டர் போட்டா? பில்லுல "பேட்டரி - 1"னு மட்டும் எழுதி வெச்சுட்டு அதுக்கு வாரண்டி இல்லன்னு சாதிக்கிறான்.

டீலர் யார்டுல டெமோ காட்டும்போது வண்டி கரண்ட்ல சொருகியேதான் இருக்கும், அதைப் பிடுங்கச் சொல்லிட்டு டிவியைப் போடச் சொல்லுங்க, ஒரு மணி நேரமாவது அங்கயே உட்காருங்க, மூஞ்சியைச் சுளிச்சா சுளிக்கட்டும். ஆம்பியர்-ஹவர் எத்தனைன்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.

கிரெடிட் கார்டு கம்பெனிகிட்ட டிஸ்பியூட் (பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி புகார்) போட்டதும் இறங்கி வந்திருக்கான், பாதிப் பணத்தை ஸ்டோர் கிரெடிட்டா தர்றானாம். அந்தக் கடையில இனிமே நான் என்னத்தை வாங்க?