ஊரில் பல் அடைத்துக்கொண்டேன்: ஒட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம்

விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், ஈறோரம் அடைத்திருந்த பல் நிற அடைப்பு கழன்று விழுந்துவிட்டது. நான் வசிக்கும் நாட்டில் அடைத்தது. ஏற்கெனவே விழுந்து, மறுபடி வைத்த இடம்தான். ஊர்ப் பல் மருத்துவரிடம் போனேன். வெளிநாட்டிலிருந்து வருகிற நாம் செலவையும் காத்திருப்பையும் பற்றியே எழுதுகிறோம். எனக்கு அந்த மருத்துவர் வேலை செய்த விதத்தைப் பற்றி எழுத வேண்டும்.

ஏன் விழுந்தது என்று கேட்டேன். "ஈறோரத்தில் பல்லின் கெட்டியான வெளி அடுக்கான எனாமல் ரொம்பக் கம்மிங்க. அதற்கு அடியிலிருக்கும் டென்டினில்தான் ஒட்டியாக வேண்டும். சிரமமே அங்கேதான்" என்றார்.

எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. பாஸ்போரிக் அமிலம் தடவிக் கழுவினால் நுண்ணிய குழிகள் விழும், பசையிலுள்ள ரெசின் (பிசின்) அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கப் பல் மருத்துவர் புவனோகோர் 1955இல் காட்டிய இந்த வழி இன்றும் நடப்பில் இருக்கிறது. டென்டினில் தாது சுமார் 70 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கொலாஜனும் தண்ணீரும். போதாததற்கு, பல்லின் உட்கூழிலிருந்து வரும் நுண்குழாய்கள் வழியே ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். அமிலம் பட்டுத் தாது கரைந்ததும் கொலாஜன் இழைகள், குளத்துத் தண்ணீரில் பாசி நிற்பதுபோல் விரிந்து நிற்கும். காற்றடித்து ஒரேயடியாகக் காய வைத்தால் அப்படியே படிந்துவிடும். அப்புறம் பசை உள்ளே போக வழியில்லை. ஈரத்தைக் கூடுதலாக விட்டாலும் ஒட்டு பலவீனமாகும். இழைகளுக்குள் ரெசின் ஊடுருவி இறுகும் அந்தக் கலப்பு அடுக்கை 1982இல் ஜப்பானிய ஆய்வாளர் நாகபயாஷி விளக்கினார். அடைப்பு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் சில மைக்ரான் தடிமனுள்ள அந்த அடுக்கைப் பொறுத்தது.

ஊர் மருத்துவர் முதலில் ரப்பர் டேம் மாட்டினார், பல்லை மட்டும் வெளியே விட்டு எச்சிலைத் தடுக்கும் ரப்பர் விரிப்பு அது. முன்பு வெளிநாட்டில் அடைத்த மருத்துவரிடம் ஒரு பஞ்சு உருண்டையோடு சரி, வாயில் எச்சில் நிறைந்தபடியே வேலை முடிந்தது. பக்குவப்படுத்திய பல்லில் எச்சிலோ ரத்தமோ பட்டால் எவ்வளவு நல்ல பசையும் சரியாக ஒட்டாது. அதனால் இந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது. அமிலத்தை எனாமல் விளிம்பில் மட்டும் தடவிக் கழுவினார். டென்டினுக்கு எம்டிபி என்ற வேதிப்பொருள் கலந்த, தானே மெல்ல அரித்துக்கொள்ளும் பசை. எம்டிபி பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிமுறையில் பிணைவதால், கொலாஜன் படிந்துவிடும் கவலை குறைவு. பசையைப் பூசியதோடு விடாமல் சிறு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தார். பிறகு மெல்லிய காற்று, பசை அலையாமல் நிற்கும்வரை. அதிலுள்ள ஆல்கஹாலும் தண்ணீரும் ஆவியாகாமல் தங்கினால் பசை முழுதாக இறுகாது, காலப்போக்கில் தண்ணீர் புகுந்து சிதைந்துபோகும். நீல விளக்கைப் பல்லுக்கு மிக அருகில், நேராகப் பிடித்துப் பசையை இறுக்கிய பிறகுதான் பல் நிற அடைப்புப் பொருளான காம்போசிட்டை எடுத்தார். அதையும் மெல்லிய அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றாக இறுக்கினார்.

குறை என்றால் ஒன்றுதான்: என்ன பசை, என்ன காம்போசிட் என்று அவர்களாக எழுதித் தரவில்லை. கேட்டதும் உடனே எழுதிக் கொடுத்தார்கள். நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பிப் போன பிறகு அங்குள்ள மருத்துவருக்கு உதவும்.

குறுகிய விடுப்பில் வருபவர்களுக்கு இன்னொன்று. பல் வெண்மையாக்கலையும் அடைப்பையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பலர் நினைக்கிறோம். வெண்மையாக்கிய பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது, குறைந்தது இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். நிறம் பொருந்த வேண்டுமானால் வெண்மையாக்கலைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆகவே வந்து இறங்கியதும் அதை முடித்துவிட்டு, அடைப்பை விடுப்பின் கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் இந்தப் பயணத்தில் அடைப்பு மட்டும் போதும்.